மழைக்கும் மன்னிப்புக் கேட்டவர்

அவர் மழைக்குக்கூட மன்னிப்புக் கேட்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோலாலம்பூரில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுவது என்ன புதிதா? ஆற்றங்கரைக் கோர்ட்டிலிருந்து எங்கள் வழக்கறிஞர் சங்க மாடிக்கு ஓடிவரும் வக்கீல்கள் கறுப்பு அங்கியோடு தொப்பலாக நனைந்து நிற்பார்கள். இவர் படியின் உச்சியில் துவாலையோடு காத்திருப்பார். "மன்னிக்கணும் சார், வாசல்ல ஒரு கொட்டகை போடாம விட்டது என் தப்புதான்" என்பார். வக்கீல்கள் சிரித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொள்வார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். மேகத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நான் அப்போது அந்த வழக்கறிஞர் சங்கத்தில் டைப்பிஸ்ட். கமிட்டி கூடும்போது பேசுவதைக் குறிப்பெடுத்து, தடித்த நடவடிக்கைப் புத்தகத்தில் மையால் எழுதி வைப்பதும் என் வேலைதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள், மிஷன் பள்ளியில் படித்தவள், இருபத்தேழு வயதாகியும் கல்யாணத்துக்குச் சம்மதிக்காதவள். வாய் கொஞ்சம் நீளம். அதை நானே சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட அது நல்லது.

அவர் எனக்கு இரண்டு வருடம் பிந்தி வேலைக்கு வந்தவர். நாற்பது வயது இருக்கும். வெள்ளைக் கால்சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. சங்கம் கொடுத்த வேலைக் கடிதத்தில் அவர் பொறுப்பை இங்கிலீஷில் நான்கு வரிக்கு நீட்டி எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை அடித்தவளே நான்தான். அவர் அதைச் சுருக்கி வைத்திருந்தார். யாராவது என்ன உத்தியோகம் என்று கேட்டால், "கட்டடமும் ஜனங்களும்" என்பார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள்; எல்லோரும் அவரைக் கிராணியார் என்றே கூப்பிட்டோம்.

காலையில் வந்ததும் ஒவ்வொரு படியையும் காலால் அழுத்திப் பார்ப்பார். தூணை விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். கரையான் இருந்தால் சத்தம் மாறுமாம். ஒழுகும் குழாயைப் பார்த்து, "என்னடா, ஆள் வர்ற நேரத்துல மானத்தை வாங்கறே" என்று திட்டுவார். ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "குழாய் என்ன பதில் சொல்லுச்சு கிராணியாரே?" என்று கேட்டேன். "வாஷர் தேஞ்சுபோச்சுங்குது மிஸ்" என்றார், முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல்.

கட்டடம் இப்படியென்றால், ஜனங்கள் கதை வேறு. வக்கீல் சங்கம் என்றால் என்னவென்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்? வக்கீல்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய கோர்ட்டு என்று ரப்பர்த் தோட்டத்துச் சனங்கள் நினைத்தார்கள். காப்பாரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ரயிலேறி வருவார்கள். வந்து, மாடிப்படியின் அடியில் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு, கைகட்டிக்கொண்டு ஏறுவார்கள். இவர் கடகடவென்று கீழே இறங்கி அந்தச் செருப்புகளைத் தன் கையாலேயே எடுத்து வந்து அவரவர் காலடியில் வைப்பார். அவர்கள் பதறிப்போவார்கள்.

"ஐயோ, சாமி, நீங்க போயி இதைத் தொடலாமா!"

"இது கோயில் இல்லீங்க. போட்டுக்கிட்டு வாங்க. மரப்படி. சிலாம்பு கால்ல ஏறுனா என் பேருதான் கெடும்."

எதைச் செய்தாலும் கடைசியில் அதில்தான் வந்து நிற்பார். அந்தக் கூரைக்குக் கீழே என்ன நடந்தாலும் தான் பொறுப்பு என்று அவருக்கு ஒரு பிடிவாதம். அதைப் பணிவு என்று நினைத்துவிடாதீர்கள். பணிவு அல்ல, சுத்தமான கர்வம். ஊரில் சிலருக்கு நிலத்தின்மேல், சாதியின்மேல் கர்வம் இருக்குமே, இவருக்கு வாடகைக்கு எடுத்த ஒரு மாடியின்மேல்.

ஒருமுறை ஒரு பால்காரர் ஏதோ புகாரோடு வந்தார். ரயில் பாதைக்குப் பின்னால் மாடு கட்டிப் பிழைக்கிறவர். அப்போது அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல், "என்ன சாணி நாத்தம்!" என்று முகத்தைச் சுளித்துவிட்டார். பால்காரர் வந்த காலோடு இறங்கிப் போய்விட்டார். வக்கீல் அதை அப்போதே மறந்திருப்பார். இவர் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பால்காரர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனார். கோட்டைப் பார்த்த பால்காரர், பாலில் தண்ணீர் கலந்த விஷயமாகச் சுகாதார இன்ஸ்பெக்டர்தான் வந்துவிட்டார் என்று பின்வேலியைத் தாண்டி ஓடிவிட்டார். இவர் பழத்தை மாட்டுத் தொட்டியின் மேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே நடந்ததால் திங்கட்கிழமைக்குள் எனக்குச் செய்தி வந்துவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "வக்கீல் சொன்னதுக்கு நீங்க ஏன் போய் நிக்கணும்?" என்று கேட்டேன்.

"எந்த இடத்துல சொன்னாரு மிஸ்?"

"இங்கேதான்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தோடு எழுந்து போனார். இந்த மனிதரோடு எங்கே வாதாடுவது?

இன்னொரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. வருகிறவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகு, எல்லோரும் கேட்பதுபோல் "என்ன விஷயம்?" என்று அவர் கேட்க மாட்டார். "இன்னைக்கு ஏன் வந்தீங்க?" என்றுதான் கேட்பார்.

"வீடு தேடி வந்தவங்களை ஏன் வந்தேன்னு கேக்கறது மரியாதையா?" என்று நான் ஒருநாள் மடக்கினேன்.

"ஏன் வந்தீங்கன்னு கேக்கல மிஸ். இன்னைக்கு ஏன் வந்தீங்கன்னு கேக்கறேன். ஆறு மாசமா ஒருத்தன் கஷ்டத்தை மடியில கட்டிக்கிட்டே இருந்திருப்பான். இன்னைக்குக் கூலியை விட்டுட்டு ரயிலேறி வர்றான்னா, இன்னைக்கு ஏதோ நடந்திருக்கு. இல்லே, இன்னைக்கு ஏதோ முடியப் போவுது. கோர்ட்டு விசயத்துல நாள்தானே எல்லாம்?"

"சொல்லிட்டாருய்யா பெரிய ஜட்ஜு" என்று நான் டைப் அடிக்கத் திரும்பிவிட்டேன். அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். சரியாகச் சொல்கிறாரே என்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் சங்கம் புது இடத்துக்கு மாறியது. பழைய மாடி ஒழுகல் தாங்காமல், கோர்ட்டுக்கு இன்னும் பக்கத்தில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளி புதிதாகக் கட்டிய கடைவரிசையின் மேல்மாடியை எடுத்தார்கள். இடம் பார்த்தது, சுண்ணாம்பு அடிக்க வைத்தது, அலமாரிகளை மாட்டுவண்டியில் ஏற்றியது, எல்லாம் அவர்தான். இந்தத் தடவை வாசலில் கொட்டகையும் போட்டுவிட்டார். ஜனங்களுக்கென்று படி ஏறியவுடன் ஒரு தனி அறை, பெஞ்சு, தண்ணீர்ப் பானை. பத்திரிகைகளுக்கு ஒரு அறிவிப்பும் போனது. சங்கத்தின் கதவு வாரநாள் எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று தமிழில் அவர் எழுதினார், இங்கிலீஷில் நான் அடித்தேன்.

திறப்பு விழா ஒரு வாரநாள் மத்தியானம் இரண்டரைக்கு. பெரிய ஜட்ஜ் தலைமை. ஊரில் இருக்கிற வக்கீல்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். காலையிலிருந்து எனக்குத் தலை கிறுகிறுத்தது. அழைப்புப் பட்டியல், பிரசிடென்ட் துரையின் பேச்சை மூன்றாம் தடவை திருத்தி அடிப்பது, கேக் வருமா வராதா என்ற கவலை. கிராணியார் ஜட்ஜுக்கு ஏற்ற நாற்காலி ஒன்றைக் கோர்ட்டிலிருந்து இரவல் வாங்கப் போயிருந்தார். மெழுகு போட்டுத் தேய்த்த தரை பளபளத்தது.

அந்த நேரத்தில் ஒரு அம்மா படியேறி வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கித்தா மரத்து ரப்பர்ப் பால் கறை படிந்த சேலை, வெறும் கால், கால் நிறையச் சேறு. கையில் ஒரு துணிப்பை. தரையை நான் பார்த்தேன், காலை நான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்க்கவில்லை.

"இன்னைக்கு விசேசம். ஆபீஸ் இல்லே. நாளைக்கு வாங்க" என்றேன்.

"சரிங்கம்மா" என்றாள். திரும்பி இறங்கிப் போய்விட்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நான் நிமிர்ந்து பார்த்திருப்பேன். தோட்டத்தில் காலமெல்லாம் "சரிங்க" சொல்லிப் பழகிய வாய் அது.

விழா நேரத்துக்குத் தொடங்கியது. பிரசிடென்ட் துரை பேச எழுந்தார். மூன்று மணி தாண்டியதும் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டகை தாங்குமா என்று பார்க்கக் கிராணியார் கீழே போனார். ஐந்து நிமிடத்தில் மேலே வந்தார். கூட அந்த அம்மா.

அவள் போகவே இல்லை. கிள்ளானுக்கு ரயில் ஐந்து மணிக்குத்தான். வேறு எங்கே போவதென்று தெரியாமல், எங்கள் கடைவரிசைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில் காலையிலிருந்து குந்தியிருக்கிறாள். அவர் தன் வழக்கப்படி இன்னைக்கு ஏன் வந்தீங்க என்று கேட்டிருக்கிறார். அவள் பையிலிருந்து ஒரு கோர்ட்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அதன் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் வரிசையாகக் குங்குமப் பொட்டு.

"எங்க வீட்டுக்காரரு வாங்கிப்போட்ட ரெண்டு ஏக்கரு கித்தாத் தோட்டங்க ஐயா. அவரு போனதும் கொழுந்தன் கேஸு போட்டுட்டான், எனக்குத் தெரியாது. இந்தக் காயிதம் வந்துச்சு. கிரீடம் போட்ட முத்திரை இருந்துச்சா, கவர்மெண்டு எதோ நல்லது அனுப்பியிருக்குன்னு சாமி படத்துக்கிட்ட வெச்சு வெள்ளிக்கிழமை தவறாம பொட்டு வெச்சேன். நேத்துச் சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சுப்புட்டுத் தலையில அடிச்சிக்கிட்டாரு. இன்னையோட கெடு முடியுதாம்."

அவள் கோர்ட்டுக்கு வராததால் நிலத்தைக் கொழுந்தனுக்கே எழுதிக் கொடுத்திருந்த தீர்ப்பு அது. மேல்முறையீட்டு மனுவைப் பதிவு செய்ய அன்று நாலு மணிவரைதான் நேரம். வக்கீல் கையெழுத்து வேண்டும். ஊரிலுள்ள வக்கீல் எல்லாம் எங்கள் கூடத்தில். மணி மூன்றே கால்.

அவர் நேரே கூடத்தின் நடுவே நடந்தார். சாவிக்கொத்து கலகலத்தது. பிரசிடென்ட் துரை அப்போது, சங்கத்தின் கதவு ஏழைக்கும் திறந்திருக்கும் என்ற வரியில் இருந்தார். மூன்று தடவை அடித்தவளுக்குத் தெரியாதா! இவர் துரையின் முன்னால் நின்று, நிதானமான இங்கிலீஷில், "மன்னிக்கணும் சார். கதவு வழியா ஒருத்தங்க வந்திருக்காங்க. அவங்களுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருக்கு" என்று சொல்லி, குங்குமக் காகிதத்தைப் பேச்சுத் தாளின் மேலேயே வைத்தார்.

பிரசிடென்ட் துரையின் முகம் குங்குமத்துக்குப் போட்டியாகச் சிவந்தது. செக்ரட்டரி, நம் தமிழர்தான், ரொம்பக் கறாரான வக்கீல், "கிராணி! வெளியே போ!" என்று பல்லைக் கடித்தார். இவர் அசையவில்லை. அப்போதுதான் பெரிய ஜட்ஜ் எழுந்தார். நாளைக்குத் தன் முன்னாலேயே வரக்கூடிய வழக்கைக் காதில் வாங்கக் கூடாது அல்லவா? "இந்த வராந்தாவிலிருந்து ஆறு நன்றாகத் தெரியுமாமே" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பையோடு வெளியே போய்த் தூறலை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

பிறகு கேட்க வேண்டுமா? பின்வரிசையில் இருந்த ஒரு இளம் வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தார். அழகு கெடுகிறது என்று என் டைப் மெஷினைப் பின்னறையில் ஒளித்து வைத்திருந்தோம். கிராணியார் அதைத் தூக்கி வந்து கேக் இருந்த மேசையில் வைத்தார். இளம் வக்கீல் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்துகொண்டாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள். கையை நீட்டி இவள்தான் என்று காட்டியிருக்கலாம். காட்டவில்லை. புது முத்திரைக்காக வாங்கிய மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றி, காட்டிய இடத்தில் வைத்தாள்.

இளம் வக்கீலும் கிராணியாரும் ஒரே குடையில் மழையில் ஓடினார்கள். நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மனு பதிவானது. பின்னால் வழக்கு மறுபடி நடந்து, அந்த இரண்டு ஏக்கரும் அவளிடமே நின்றது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் மனசு ஆறட்டும்.

மறுநாள் பத்திரிகைகளில் சங்கத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். திறப்பு விழாவை நிறுத்தி ஏழைப் பெண்ணுக்கு உதவிய வழக்கறிஞர்கள் என்று கொட்டை எழுத்து. வெளியே போ என்று கத்திய செக்ரட்டரியே அதை வெட்டிச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஆனால் அடியில் ஒரு வரி இருந்தது. நிருபர் படியில் வைத்து அந்த அம்மாவிடம் பேசியிருக்கிறார். காலையிலேயே வந்ததாகவும், மேலே நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியதாகவும் அவள் சொன்னாளாம். யார் என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கமிட்டி கூடியது. நான் வழக்கம்போல மூலையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தேன். கிராணியாரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"அந்தப் பெண்ணை நாளைக்கு வரச் சொன்னது யார்?" என்று செக்ரட்டரி கேட்டார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன் என்று எழுத ஆசைதான். திறக்கவில்லை.

"கட்டடத்துல சொன்ன வார்த்தை சார். என் பொறுப்பு" என்றார் அவர்.

"அப்படியென்றால் நீதான் சொன்னாயா?"

"நான்னே எழுதிக்கோங்க."

எழுதிக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? நான்தான். பொதுமக்களில் ஒருவரைத் திருப்பி அனுப்பிய குற்றத்துக்காகக் கட்டடக் கிராணி கண்டிக்கப்படுகிறார் என்று எழுதினேன். இனி அவர் குழாயையும் கூரையையும் மட்டும் பார்த்தால் போதும், ஜனங்களைச் சந்திக்கும் வேலையை டைப்பிஸ்ட் கவனிப்பார் என்று அடுத்த வரியையும் எழுதினேன். நல்ல மை, நல்ல கையெழுத்து. கமிட்டி கலைந்தபோது பிரசிடென்ட் துரை எனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவரைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"யார் உங்களை அப்படிச் சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? பெரிய தியாகி!"

"தியாகம் எல்லாம் இல்ல மிஸ்" என்றார், நிமிராமலே. "நான் நாற்காலி வாங்கப் போகும்போது வாசல்ல ஒரு ஆளை வெச்சிட்டுப் போயிருக்கணும். வைக்கல. அது என் தப்புதான்."

"நாளைக்கு வான்னு சொன்னது நான்தானே! இப்பவே போய்ச் செக்ரட்டரிகிட்டச் சொல்லிடறேன்."

வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். விடுங்க மிஸ், போகட்டும் என்பார் என்று நம்பித்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"சொல்லுங்க" என்றார். "செக்ரட்டரி இன்னும் கீழேதான் இருக்காரு. கார் வரல."

நான் படிவரைக்கும் போனேன். கார் வந்து செக்ரட்டரி ஏறிப் போகும்வரை அங்கேயே நின்றேன். பிறகு திரும்பி வந்து, ஜனங்களின் அறையில் இருந்த அவருடைய மேசையைத் துடைத்துவிட்டு அதன்முன் உட்கார்ந்தேன்.